ஐந்து பெண்களும் ஒரு தொண்டையும்

போன வாரம் குளியலறைத் தரையில் பார்த்த அந்தச் சிவப்பைப் பற்றி ஒன்டேக் இன்னும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போனது போகட்டும் என்று தலைமுழுகியாயிற்று. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். முகத்தைப் பார்க்காமலே முகத்தைப் பற்றிச் சொல்லும் திறமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

"ஒண்ணுமில்ல."

"சாயங்காலம் உன் தங்கச்சி கடை திறப்பு. சிரிச்ச முகமா வா."

"கடை இல்ல. ஹார்மோன் நல வாழ்வு மையம்."

"காசு வாங்குற இடமெல்லாம் கடைதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன உருப்படியான வாக்கியங்களில் இது ஒன்று. அதையும் பேப்பரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒன்டேக் என்பது ஒலிப்பதிவுக் கூடம் அவளுக்கு வைத்த பெயர். எவ்வளவு நீள வசனமானாலும் ஒரே டேக். முடித்ததும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரையில் இருபது வயதுக் கதாநாயகிகள் வாயைத் திறப்பார்கள். ஐம்பத்து மூன்று வயது ஒன்டேக் உள்ளேயிருந்து பேசுவாள். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு மொழி தெரியாது, மீதிப் பேருக்கு நடிப்பு தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இவளுக்குச் சம்பளம்.

இன்றைய கதாநாயகி காதலனை ரயிலேற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, முகத்தில் மட்டும் எதுவும் இல்லை.

ஒன்டேக் வசனத்தாளில் பென்சிலால் கோடு போட்டாள். அவள் குறிப்பது சொற்களை அல்ல, மூச்சை. எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள். மூச்சை உள்ளே இழுத்தவள் அடுத்து பேசித்தான் ஆக வேண்டும். இழுத்துவிட்டுப் பேசாமல் நின்றால், அந்த இடத்தில் எதையோ விழுங்குகிறாள் என்று அர்த்தம். இது ஒன்டேக்கின் தொழில் ரகசியம். இதை வைத்துத்தான் அவள் வீட்டுக்காரரின் பொய்களையும் கண்டுபிடிப்பாள். என்ன, அவர் பொய்கள் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததில்லை.

"அக்கா, சத்தம் வருது, ஏசி நிறுத்துறேன்," என்றார் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து.

ஏசி நின்றது. முன்பெல்லாம் இந்தக் கணத்துக்குத்தான் அவள் எமனைக் கண்டது போலப் பயந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு தீ கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ரவிக்கை நனையும். தூக்கம் இல்லாத தொண்டை கரகரக்கும். கதாநாயகி 'ஐ லவ் யூ' என்றால் அது கதாநாயகியின் அப்பா சொன்னது போல ஒலிக்கும். "இந்தம்மாவை இனிமே மாமியார் வேஷத்துக்குப் போடலாம்" என்று ஒரு டைரக்டர் சொன்னது இவள் காதில் விழவே செய்தது.

இப்போது அந்தத் தீ இல்லை. தங்கை கொடுத்த க்ரீம் அதை அணைத்திருந்தது. மூடியில் ஒரு ஊதாப்பூ, அதன் கீழே 'உங்களுக்கென்றே கலந்தது'. காலையில் ஒரு டப்பாவிலிருந்து, படுக்கும்போது இன்னொன்றிலிருந்து. தூக்கம் வந்தது. குரல் வந்தது. பிறகு ரத்தமும் வந்தது.

டேக் முடிந்தது. ஒரே டேக்.

"உங்க தங்கச்சி லைன்ல இருக்காங்கக்கா. அவங்க வீடியோவில ஒரு வரி மாத்தணுமாம்."

ஸ்பீக்கரில் சின்னவள் தேனாகக் கொட்டினாள். "அக்கா, ஒரு நிமிஷ வேலை. மூணாவது பொம்பளை 'ஆறு மாசத்துல சரியாயிடுச்சு'ங்கிறா இல்ல? அதை 'மூணு வாரத்துல'ன்னு மாத்திடேன்."

"அவளுக்கு ஆறு மாசம் ஆச்சுன்னுதானே எழுதிக் கொடுத்தே?"

"எவளுக்கு?"

"அந்த மூணாவது பொம்பளைக்கு."

மறுமுனையில் சிரிப்பு. "அய்யோ அக்கா, அவ மாடல். அவளுக்கு முப்பத்தெட்டு வயசுதான். நரை கூட நாங்க அடிச்சதுதான்."

"உதடு ஒட்டாதும்மா," என்று ஒலிப்பதிவாளர் குறுக்கே வந்தார். "ஆறுக்கு வாய் திறந்திருக்கு. மூணுன்னா உதடு மூடணும்."

"அந்த இடத்துல ஒரு பூ படம் போட்டுக்கலாம்."

ஊதாப்பூதான். வேறென்ன! அந்த மையத்தில் எதையெல்லாம் மறைக்க வேண்டுமோ அதன் மேலெல்லாம் அந்தப் பூ பூத்துவிடும்.

அந்த வீடியோவில் ஐந்து பெண்கள். ஒரு ஆசிரியை, ஒரு வக்கீல், ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு இல்லத்தரசி, ஒரு பாட்டுக்காரி. 'என் வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைச்சுது' என்று ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்வார்கள். ஐந்தும் ஒன்டேக்கின் தொண்டை. இரண்டு படங்களுக்கு நடுவில், தங்கை கெஞ்சினாள் என்று, காசு வாங்காமல் பேசிக் கொடுத்தது. அப்போது அவளுக்கு அந்த க்ரீமின் மேல் காலணா நம்பிக்கை கிடையாது.

பிறகு ஒரு நாள், போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கைபேசியில் அந்த வீடியோ தானாக ஓடியது. மூன்றாவது பெண், அந்தப் பேருந்து ஓட்டுநர், லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'யாருமே நம்பலீங்க, நான் கஷ்டப்படறேன்னு' என்றாள். ஒன்டேக் அழுதுவிட்டாள். மறுநாள் தங்கையிடம் போய் சோதனைக்காக எச்சிலைக் குப்பியில் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊரில் ஏமாறுகிறவர்கள் எல்லாம் அடுத்தவன் பேச்சைக் கேட்டு ஏமாறுவார்கள். தன் பேச்சைக் கேட்டே ஏமாந்த பெருமை இவளுக்குத்தான்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்."

மைக்குக்கு முன்னால் குனிந்தாள். 'மூணு வாரத்துல சரியாயிடுச்சு.' ஒரே டேக். சீ, என்ன பிழைப்பு!

மதியம் அவள் கால்கள் அவளைக் கேட்காமலே டாக்டர் அண்ணியின் மருத்துவமனைக்குப் போயின.

அண்ணி, கணவரின் அக்கா. மகப்பேறு மருத்துவர். அவரைக் கண்டால் நர்சுகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், தீ முதன்முதலில் ஏறத் தொடங்கியபோது, ஒன்டேக் இதே அண்ணியிடம்தான் வாய் திறந்தாள். கூடத்தில், குடும்பமே உட்கார்ந்திருக்க, அண்ணி சொன்ன பதில்: "ஏசி ரூம்ல உக்காந்து கத்துற வேலை. உனக்கென்னம்மா கஷ்டம்? எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு விசிறி வாங்கிக்கோ." அடுத்த பிறந்தநாளுக்கு பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி ஒன்று, வண்ணத்தாள் சுற்றி, வந்து சேர்ந்தது. கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த விசிறியை ஒலிப்பதிவு அறையில் போட முடியாது. கர்ரென்று சத்தம் வரும். டாக்டருக்கு அது எங்கே தெரியப் போகிறது?

ஸ்கேன் எடுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு உள்ளிருந்து துளி சதை எடுத்துக் குப்பியில் போட்டார். வலித்தது. ஒன்டேக் கத்தவில்லை. கத்துவதற்கு அவள் காசு வாங்குகிறவள்.

"கர்ப்பப்பைச் சுவர் தடிச்சிருக்கு," என்றார் அண்ணி. "நின்னு போனப்புறம் ஒரு துளி ரத்தம் வந்தாலும் உடனே வரணும். ஏன் இத்தனை நாள் உக்காந்திருந்தே?"

"விசிறி போட்டுப் பார்த்தேன், சரியாகல."

அண்ணிக்கு உறைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"புத்துநோயா அண்ணி?"

"இல்லேன்னு சொல்ல முடிஞ்சா சொல்லியிருப்பேன். ஆமான்னும் சொல்ல மாட்டேன். சதையோட பரிசோதனை முடிவு வரட்டும். தங்கச்சி கொடுத்த க்ரீம் போடறேன்னு சொன்னியே, அந்த டப்பாக்களைக் கொடு."

இரண்டு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவைப் பார்த்தார். "இதுல எது எவ்வளவு இருக்கு?"

"எனக்கென்றே கலந்ததாம்."

"அது தெரியுது. எவ்வளவு கலந்தது?"

"எச்சிலைப் பார்த்துக் கலப்பாங்க."

"எச்சில்!" அண்ணி டப்பாவை மேஜையில் தொப்பென்று வைத்தார். "இந்த வயசுல ஹார்மோன் காலையில ஒண்ணு காட்டும், சாயங்காலம் ஒண்ணு காட்டும். அதை வச்சு மருந்து கலக்குறது, காத்தைப் பார்த்துச் சட்டை தைக்கிற மாதிரி. இதோ பாரு. உன் காலை க்ரீம்ல நிஜ ஹார்மோன் இருக்கு. அதனாலதான் தூக்கம் வந்துச்சு. ஆனா அது மட்டும் போனா கர்ப்பப்பைச் சுவர் வளர்ந்துகிட்டே இருக்கும். அதை அடக்க இன்னொரு ஹார்மோன் வேணும். அதைத்தான் ரெண்டாவது டப்பாவில போட்டிருக்கேன்னு சொல்றா. தோல்ல தேய்ச்சா அது கர்ப்பப்பையைக் காப்பாத்துற அளவுக்கு உள்ள போகும்னு யாரும் நிரூபிக்கல."

"இயற்கையானது, உடம்புல ஊறுற அதே ஹார்மோன்னு சொன்னா."

"அதே ஹார்மோன் இங்கேயும் இருக்கு." அண்ணி இழுப்பறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, உறையைக் கிழித்துக் காட்டினார். தபால்தலை அளவில், கண்ணாடி போல ஒரு ஒட்டு. ஓரத்தில் பச்சை எழுத்தில் பொடியாக அளவு அச்சடித்திருந்தது. "இதை இடுப்புல ஒட்டிக்கணும். கூடவே சுவரை அடக்க மாத்திரை. அச்சு அசல் உடம்பு ஹார்மோன்தான். வித்தியாசம் என்னன்னா, இதுல அளவு எழுதியிருக்கு, சோதிச்சிருக்கு, ஏதாவது ஆனா கேக்க ஆள் இருக்கு."

ஒன்டேக் அந்த ஒட்டைக் கையில் வாங்கிப் பச்சை எழுத்தைப் படித்தாள்.

"இதை ஏன் அண்ணி எனக்கு அப்பவே கொடுக்கல?"

"அப்போ எங்களுக்கெல்லாம் பயம்மா. மார்புல புத்து வரும், ரத்தம் கட்டும்னு ஒரே கலவரம். யாரும் மருந்துச்சீட்டுல எழுத மாட்டோம். யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆகாதுன்னு இப்பதான் தெளிவு வந்திருக்கு. இப்பவும் ரொம்பத் தெரிஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் எழுதறேன்."

"நீங்க பயந்தீங்க. எனக்கு விசிறி."

அண்ணி எழுந்து கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கை.

"முடிவு வர்ற வரைக்கும் ரெண்டு டப்பாவையும் தொடாதே," என்றார் குழாய்ப் பக்கம் திரும்பியபடியே. "மறுபடி உடம்பு எரியும். எரியட்டும், அப்புறம் பார்க்கலாம். உன் தங்கச்சிகிட்ட நீயே பேசிக்கோ. என்னை இழுக்காதே."

மாலையில் வணிக வளாகத்தின் இரண்டாவது தளம் பலூனும் நாடாவுமாக இருந்தது. நாற்காலிகள் நிறைய பெண்கள். எல்லோர் முகத்திலும் அதே தூக்கமின்மை. எல்லோர் கையிலும் அதே ஊதாப்பூ அட்டை.

சின்னவள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் டாக்டர் மாதிரி வளைய வந்தாள். அவள் படித்தது ஓட்டல் நிர்வாகம். நாற்பத்தொன்பது வயதில் முப்பத்தைந்து போல மின்னினாள். 'என் தோலைப் பாருங்க, இதுதான் என் விளம்பரம்' என்பது அவளுடைய நிரந்தர வசனம்.

வீடியோ ஓடியது. ஐந்து வாய்கள், ஒரு தொண்டை. 'மூணு வாரத்துல' என்ற இடத்தில் பூ பூத்தது.

பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மூணாவது அம்மா சொல்றது அப்படியே என் கதைங்க. அவங்களைப் பார்த்துத்தான் பதிவு பண்ண வந்தேன்."

"அவங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா பொய் சொல்ற குரல் இல்லீங்க அது. கேட்டாலே தெரியுதே."

ஒன்டேக் மடியிலிருந்த ஊதாப்பூ அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

மேடையிலிருந்து சின்னவள் அழைத்தாள். "என் முதல் பயனாளி, என் கூடப்பிறந்த அக்கா, ரெண்டு வார்த்தை பேசுவாங்க!"

ஒன்டேக் மைக்கை வாங்கினாள். உதட்டிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் பிடித்தாள். பழகிய தூரம்.

ஆசிரியையின் குரலில் ஆரம்பித்தாள். "என் வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைச்சுது."

கூட்டம் நிமிர்ந்தது. வக்கீலின் குரலுக்கு மாறினாள். அடுத்து பேருந்து ஓட்டுநர், அந்தச் செருமலோடு. பக்கத்து நாற்காலிப் பெண் பாதி எழுந்து நின்றாள். இல்லத்தரசி. பாட்டுக்காரி. ஐந்தையும் பேசி முடித்துத் தன் குரலுக்கு வந்தாள்.

"இந்த அஞ்சு பேரும் நான்தான். நான் பேசினப்போ இந்த க்ரீமைக் கையால தொட்டதுகூட இல்ல. அப்புறம் தொட்டேன். இப்போ எனக்கு..."

மைக் செத்தது.

ஓரத்தில் சின்னவளின் கை லேசாக அசைந்ததை அவள் பார்த்தாள். ஒலிபெருக்கிக்காரன் தலையாட்டினான்.

"ரத்தம் போகுது!" என்றாள் ஒன்டேக். "கர்ப்பப்பை தடிச்சிருக்கு!"

முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. மைக்கின் காதில் கிசுகிசுத்தே வாழ்ந்த குரல். மைக் இல்லாமல் உரக்கக் கத்த அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கத்திப் பார்த்தாள். குரல் உடைந்தது.

அதற்குள் சின்னவள் இன்னொரு மைக்கோடு பாய்ந்துவிட்டாள். "அஞ்சு பெண்கள், ஒரே குரல்! அதாவது எல்லாப் பெண்களோட வலியும் ஒண்ணுதான்! எங்க அக்காவுக்கு ஒரு பெரிய கைதட்டல்!"

கைதட்டினார்கள். என்ன தட்டு! எவளோ விசிலடித்தாள். இவ்வளவு பக்கத்தில் வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாலும், பன்னீர் என்று துடைத்துக்கொள்கிற கூட்டம். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது முன்வரிசையில் ஒன்டேக்கின் கணவர். பதிவு மேஜையில் வரிசை நீண்டது.

ஒரே ஒருத்தி தட்டவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் படியருகே வந்து காத்திருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

ஒன்டேக் அவள் காதருகே குனிந்து சொன்னாள். ஒரு விரல்கடை தூரம். அந்தப் பெண் ஊதாப்பூ அட்டையை இரண்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

ஒருத்தி. சரி, ஒருத்தியாவது!

உள்ளறையில் சின்னவள் கதவைச் சாத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? வீட்டு விஷயத்தை மேடையிலயா பேசுவாங்க?"

"என் கர்ப்பப்பை வீட்டு விஷயமாடி?"

"நீ தூங்கினியா இல்லையா? குரல் வந்துச்சா இல்லையா? சொல்லு! உன்னை மாமியார் வேஷத்துக்குத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. உன் டாக்டர் அண்ணி விசிறி வாங்கிக் கொடுத்தாங்க. நான்தான் உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன்."

ஒன்டேக்குக்கு அதுதான் எரிச்சல். இந்தத் திருடி சொல்வதில் அந்த ஒரு வரி மட்டும் நிஜம்.

"இதுல எது எவ்வளவு கலக்குறே? அதை மட்டும் சொல்லு."

"கலக்குறது வேற இடம். எனக்கு எப்படித் தெரியும்?"

"நீயும் இதைத்தானே போடறே?"

"பின்னே! வேற என்னத்தைப் போடுவேன்?" சின்னவள் வேகமாகத் திரும்பியதில் கை பட்டு, அலமாரியிலிருந்த டப்பாக்கள் சடசடவென்று தரையில் சிதறின. "பாரு, உன்னால..." என்று முனகிக்கொண்டே குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

வெள்ளைச் சட்டை முதுகில் மேலே ஏறியது.

இடுப்பில், கால்சட்டை விளிம்புக்குச் சற்று மேலே, தபால்தலை அளவில் ஒன்று விளக்கொளியில் மின்னியது. ஓரத்தில் பச்சையாய்ப் பொடி எழுத்து.

மதியம் அண்ணியின் மேஜையில் பார்த்த அதே ஒட்டு. ஒரு டப்பா உருண்டு வந்து ஒன்டேக்கின் காலில் முட்டி நின்றது. பூ மேலே பார்த்துச் சிரித்தது.

கைப்பையில் கைபேசி அதிர்ந்தது. டாக்டர் அண்ணி.

"லைவ்ல பார்த்தேன்," என்றார் அண்ணி. "அஞ்சு குரலும் அசத்திட்டே. கடைசியில ஏதோ சொன்னியே, சத்தம் போயிடுச்சு. தங்கச்சிகிட்ட பேசிட்டியா?"

"பேசிக்கிட்டே இருக்கேன். அண்ணி, ஒரே ஒரு கேள்வி. ரொம்பத் தெரிஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் எழுதறேன்னு சொன்னீங்களே. அதுல என் தங்கச்சி எத்தனை வருஷமா இருக்கா?"

தரையில் குனிந்திருந்தவளின் கை அப்படியே நின்றது.

மறுமுனையில் அண்ணி மூச்சை உள்ளே இழுத்தது தெளிவாகக் கேட்டது.

ஒன்டேக் காத்திருந்தாள். இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை.